தாளித்தல் என்ற சொல்லுக்கு ஒரு சாட்சி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் நலம். அத்தானின் முழங்கால் வலி மட்டும், சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி, கிளம்புகிற வழியாக இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன ஆகஸ்டில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு நீ இளைத்துவிட்டாய் என்று கேள்வி. கேள்விதான். நேரில் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறதே!

காரியத்துக்கு வருகிறேன். அகராதி அலுவலகத்தில் எனக்கு இந்த முறை ‘தா’வில் தொடங்கும் சொற்கள். முதலில் கையில் எடுத்தது ‘தாளித்தல்’. பழைய அகராதிகளைப் புரட்டினால், எண்ணெயில் கடுகு முதலியவற்றை இட்டு மணமூட்டுவது என்ற ஒரே வரியை ஆளுக்கு ஆள் திருப்பி எழுதியிருக்கிறார்கள். அடுப்பு முன்னால் நிற்கிற ஒரு ஆளைக்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கோ கூடப் பிறந்தவனே ஆஸ்பத்திரியில் தலைமைச் சமையல்காரன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

நீ போனில் சொன்னால் போதாது. பேசுகிறவர் தன் கையால், தன் வார்த்தையில், தேதி போட்டு எழுதினால்தான் எங்கள் அலுவலகத்தில் அது சான்று. தலைமைப் பதிப்பாசிரியரின் சட்டம் அது. எந்தச் சான்று அட்டையை நீட்டினாலும் மூலையில் பென்சிலால் ‘சந்தேகம்’ என்று எழுதித் திருப்புகிற மனுஷர். அதனால் அவர் பெயரே எங்களுக்குள் சந்தேகம்தான்.

ஏழு வெற்று அட்டைகள் வைத்திருக்கிறேன். தாளிக்கும்போது என்ன நடக்கிறது, பதம் எப்படித் தெரிகிறது, எழுது. கூடவே அரைக் கிலோ காப்பிப்பொடி. கண்ணெதிரே வறுத்து அரைத்தது. பஸ்ஸில் கொண்டு வந்தபோது முன் சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த மாதம் உன்னைப் பார்க்க வரட்டுமா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தானை மாடிப்படி ஏறவிடாதே. காப்பிப்பொடி வந்தது. நல்ல நைசாக அரைத்திருக்கிறார்கள், நிறமும் பிரமாதம்.

இத்தனை வருடப் படிப்பைப் படித்துவிட்டு நீ கடைசியில் என்னிடம் பாடம் கேட்கிறாய்! இதைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும்.

ஏழு அட்டையும் எழுதிவிட்டேன். சுருக்கம் இதுதான். எங்கள் வாணலி ஒரு ஆள் உட்காரலாம், அத்தனை பெரிது. எண்ணெய் முதலில் பேசாமல் கிடக்கும். காய்ந்தால் மேலே மெல்லிய கோடு கோடாக ஓடும். கடுகைப் போட்டால் முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு தகர ஷீட்டில் மழை பெய்கிற மாதிரி. அந்தச் சத்தம் ஓய ஆரம்பிக்கும் இடத்தில் சீரகம். அது ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சு விடும், அவ்வளவுதான். பூண்டு விழுந்ததும் எண்ணெய் நுரைக்கும். வெங்காயம் விழுந்தால் ‘சொர்ர்’ என்று சண்டைக்கு வரும். ஈரம் வற்ற வற்றச் சத்தம் தணியும். தணிந்த சத்தம் வறண்டு கரகரத்தால் கருகப்போகிறது என்று அர்த்தம். அதற்கு முன்னால் பருப்பில் கொட்டிவிட வேண்டும்.

வேலை எப்போதும் போலத்தான். நானூறு நோயாளிகள், மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் வண்டி வார்டுக்குக் கிளம்பும் முன் தலைமைச் சமையல்காரன் முகர்ந்து, ருசி பார்த்து, ‘தகுதி’ என்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நகராது. போன வருடத்திலிருந்து, சாமான் அளந்து கொடுக்கிற ஸ்டோர் அம்மாவையும் கூடக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுக்கு இரண்டு நாக்கு நல்லதுதானே?

அடுத்த மாதம் வராதே. குடியிருப்பில் வெள்ளையடிக்கிறார்கள்.

உன்,
தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் மாடிப்படி ஏறுகிறார், யார் சொல்லிக் கேட்கிறார்? மற்றபடி சுகம்.

உன் அட்டைகளை அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தேன். தட்டச்சுக்கார அம்மாள் எழுந்து வந்து நின்று கேட்டார். சந்தேகம்கூடப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “உங்க தம்பி எழுத்தாளரா?” என்றார். “இல்லைங்க, பருப்பு வேகவைக்கிறவன்” என்றேன். பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்?

உனக்கு ஒரு சங்கதி. பழைய பாட்டுகளில் தாளிப்புக்குக் ‘குய்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சமைப்பதை அடுதல் என்றும் சமையலறையை அட்டில் என்றும் சொன்ன காலத்துச் சொல். நான் பார்த்த இடங்களில் குய் வந்தால் புகையும் மணமும் பின்னாலேயே வந்துவிடுகின்றன. ஒரு பெண் தாளிக்கிறாள் என்றால் அந்தப் புகை அவள் கண்ணில் நிறைகிறது, ஆடையில் ஏறுகிறது. தாளிப்பு என்றாலே அந்தக் காலத்தில் மூக்கு விஷயம். உன் அடுக்களையில் அந்தப் புகை எப்படி? இன்னும் நான்கு அட்டை வைத்திருக்கிறேன். கருகப்போவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பாய் என்றும் விவரமாக எழுது.

வெள்ளையடித்து முடிந்ததும் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னி. மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். பாத்திரத்தின் அடியைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள்.

குய் எனக்குத் தெரியாது. குய்யோ முறையோதான் தெரியும். அது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் வார்டில் தினமும் நடக்கிறது.

நான்கு அட்டையும் இத்துடன். கருகல் விஷயம்: வெங்காயத்தின் ஓரம் முதலில் பழுப்பாகும், நடு வெள்ளையாகவே இருக்கும். ஓரத்தில் கறுப்புப் புள்ளி வந்தால் முடிந்தது கதை. கரண்டி அடியில் உரசும் சத்தமும் மாறும். நான் இப்போது ஒரு மூச்சு முன்னாலேயே இறக்கிவிடுகிறேன். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த மாதம் குழாய் மாற்றுகிறார்கள். தண்ணீர் வராது. நீ வந்து கஷ்டப்படாதே.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலத்தை விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, அத்தனை சந்தோஷம்!

நேற்று உன் பதினோரு அட்டையையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். சத்தம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, நுரை இருக்கிறது. வாசனை என்றோ மணம் என்றோ ஒரு இடத்தில்கூட இல்லை! பழைய சான்றுகளில் எங்கே பார்த்தாலும் மணம். உன்னிடத்தில் சுத்தமாக இல்லை. இதன் பொருள் என்ன தெரியுமா? சொல் இடம் மாறியிருக்கிறது. மூக்கிலிருந்த சொல் காதுக்குப் போயிருக்கிறது. பெரிய அடுக்களை, புகை இழுக்கும் விசிறி, இரும்புக் கூண்டு. மணம் மேலே போய்விடுகிறது, சமையல்காரனுக்குச் சத்தம் மிஞ்சுகிறது. இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி ஒன்று அகப்பட்டதே இல்லை. ‘தற்கால வழக்கில் ஒலியே முதன்மை’ என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதிவிட்டேன். முன்னுரையிலேயே போடலாம் என்று பேச்சு.

சந்தேகம் என்ன செய்திருப்பார், சொல்லேன்? மூலையில் பென்சில். “ஒரு சாட்சி, சாட்சி இல்லம்மா. இன்னும் மூணு பேரைக் கேளுங்க” என்றார். சரி என்று விடுதிச் சமையல்கார அம்மாள் ஒருவர், கப்பலில் சமைத்தவர் ஒருவர், வீட்டில் பத்துப் பேருக்குப் பொங்கிப்போடும் பக்கத்து வீட்டுக்காரி, மூன்று பேருக்கும் அட்டை அனுப்பியிருக்கிறேன்.

உன்னால் எனக்குப் பெயர். ஊருக்கு வந்து உனக்குச் சுற்றிப்போடாத குறைதான்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 7

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலைதான் வந்தது.

அந்தக் குறிப்பை அச்சில் போடாதே. நான் ஏதோ எழுதினேன், அது என் பழக்கம். ஒருத்தன் பழக்கத்தை வைத்து ஊர் வழக்கு என்று சொல்லலாமா? மூன்று பேரிடம் கேட்கவும் வேண்டாம். முடிந்தால் என் அட்டைகளை எடுத்துவிடு. ஆஸ்பத்திரிப் பெயர் எங்கேயும் வர வேண்டாம், என்னைப் பற்றியும் எதுவும் வேண்டாம்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


செப்டம்பர் 6

என் அன்புத் தம்பிக்கு,

மூன்று பேரின் அட்டைகளும் வந்துவிட்டன. விடுதி அம்மாள் எழுதியிருக்கிறார்: “மூக்குதான் முதல்ல சொல்லும், கை அப்புறம்தான் கேக்கும்.” கப்பல்காரர், தாளிக்கும் மணம் எழும்பினால் இயந்திர அறையிலிருந்து ஆட்கள் மேலே ஏறி வந்துவிடுவார்களாம், மணி அடிக்கவே வேண்டாமாம். பக்கத்து வீட்டுக்காரி ஒரே வரி: “வாசனை வராம தாளிச்சா அது தாளிப்பா, எண்ணெய்ச் செலவா?”

மூன்றையும் படித்துவிட்டு உன் கடைசிக் கடிதத்தை எடுத்தேன். பிறகு எல்லாக் கடிதங்களையும் எடுத்தேன். காப்பிப்பொடி நைசாக இருந்தது, நிறம் பிரமாதம். இரண்டாவது கையெழுத்துக்கு ஸ்டோர் அம்மா. ஒரு மூச்சு முன்னால் இறக்குவது. சொல் எங்கேயும் போகவில்லை, தம்பி. அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

அந்தக் காய்ச்சலிலிருந்தா? உனக்கு வாசனை தெரியவில்லையா?

என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. உன் கஷ்டத்தை மேசையில் பரப்பி வைத்து, கண்டுபிடிப்பு என்று குதித்தேன். அட்டையைப் பார்த்தேனே தவிர எழுதின பிள்ளையைப் பார்க்கவில்லை. குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சந்தேகத்திடம் காரணம் சொல்லவில்லை. அவரும், அதிசயமாக, கேட்கவில்லை.

நீ சொல்லாமல் நான் வரமாட்டேன். ஆனால் சொல்.

அக்கா


செப்டம்பர் 28

தம்பிக்கு,

பதில் இல்லை. கோபம் என்றால் திட்டி எழுது, நன்றாகத் தாளித்து எழுது, வாங்கிக்கொள்கிறேன். உடம்புக்கு என்றால் ஒரு வரி போடு. அத்தான் தினமும் தபால்காரரை வாசலில் நின்று மறிக்கிறார்.

அக்கா


அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. ஏழெட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை இன்று போடாவிட்டால் என்றைக்கும் போடமாட்டேன்.

ஆமாம், அந்தக் காய்ச்சல்தான். எழுந்து வேலைக்கு வந்த முதல் நாள் வெங்காயம் போட்டேன், ஒன்றும் வரவில்லை. மூக்கு அடைப்பு என்று நினைத்தேன். பூண்டை நசுக்கி மூக்கருகே வைத்தேன். ஈரக் காகிதத்தை முகர்ந்த மாதிரி இருந்தது. இன்றைக்குப் பதினாலு மாதம். நாக்கில் உப்பும் புளிப்பும் காரமும் தெரிகின்றன. மற்றது எதுவும் இல்லை. சோப்பும் பாலும் எனக்கு ஒன்றுதான்.

யாரிடம் சொல்வது? கண் தெரியாத தையல்காரன் என்றாலாவது ஊர் ஐயோ பாவம் என்னும். மூக்குச் செத்த சமையல்காரன் என்றால் சிரிக்கும். பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலை. அதனால்தான் காதைப் பழக்கினேன். அட்டையில் எழுதினது பொய் இல்லை, அக்கா. அத்தனையும் கேட்டுக் கேட்டு நானே கண்டுபிடித்தது. நீ வந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவாய் என்றுதான் வெள்ளையடித்தேன், குழாய் மாற்றினேன். இங்கே வெள்ளையும் அடிக்கவில்லை, குழாயும் மாற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் ஒரு நாள், கஞ்சி பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. பக்கத்து மேசையில் நின்று கேரட் எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்டோர் அம்மா அந்தப் பக்கமிருந்து ஓடி வந்து கேஸை மூடினாள், ஜன்னல் எல்லாவற்றையும் தள்ளித் திறந்தாள், என்னைப் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்த இன்னொரு அடுப்பு பத்தடி தூரம்தான். “சளி புடிச்சிருக்கா அண்ணே?” என்றாள். “ஆமா” என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, கூப்பிடாமலே, மணிக்கு ஒரு தரம் வந்து அடுப்பைச் சுற்றி நடந்துவிட்டுப் போகிறாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வார்டு.

இனி நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

தம்பி


அக்டோபர் 20

என் தம்பிக்கு,

அத்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அழுதேன். அது இருக்கட்டும்.

நீ கேட்டதால் சொல்கிறேன். மேலதிகாரியிடம் போய்ச் சொல். நாளைக்கு என்று வைக்காதே. உன்னைத் தாண்டி நான் ஆஸ்பத்திரிக்கு எழுதமாட்டேன், அந்தப் பாவத்தை என்மேல் போடாதே. வேலை போனால் போகட்டும், இங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. ஆனால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் தெரிந்தே இன்னொரு நாள் நின்றாய் என்றால் உன்னைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. கசப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். அந்த அம்மாளையும் எத்தனை நாளைக்கு உனக்காக வாயை மூடிக்கொள்ள வைப்பாய்?

உன் அட்டைகளில் இரண்டை மட்டும் நான் எடுக்கவில்லை. கடுகுச் சத்தம், வெங்காயச் சத்தம். விடுதி அம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நெசந்தான், நான் இத்தனை வருசம் கவனிச்சதே இல்ல” என்றார். மணம் முதலில், ஓசை பிறகு என்று பதிவை முடித்திருக்கிறேன்.

கூட வரட்டுமா? கதவுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே வரமாட்டேன்.

அக்கா


நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம் என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே போனேன். நீ வரும்வரை காத்திருந்தால் பயத்தில் ஓடிப்போயிருப்பேன். மேற்பார்வையாளர் அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “பதினாலு மாசமா நானூறு பேருக்கு யாரு மோந்து பாத்தது?” என்றார். “ஸ்டோர் அம்மாங்க” என்றேன். “அப்போ ‘தகுதி’ன்னு உங்க கையெழுத்து?” என்றார். “தப்புதாங்க” என்றேன். அரை மணி நேரம் தாளித்து எடுத்தார். ஒரு வார்த்தைகூடத் தப்பாகப்படவில்லை எனக்கு. கேஸ் விஷயத்தைச் சொன்னபோது மட்டும் திட்டவில்லை, எழுந்து குழந்தைகள் வார்டுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், அதுதான் தாங்கவில்லை.

வேலையிலிருந்து அனுப்பவில்லை. அடுப்பிலிருந்து எடுத்துவிட்டார். ஸ்டோர் எனக்கு, கரண்டி ஸ்டோர் அம்மாவுக்கு. காது மூக்கு டாக்டர், திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார். தினமும் சில பொருள்களை முகர்ந்து பழகச் சொல்லியிருக்கிறார். முகர்கிறேன். இதுவரை ஒன்றும் இல்லை.

நேற்று மத்தியானம் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக நோயாளிகளோடு வார்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே காலில் கட்டுப் போட்ட ஒருவர். என்னை யாரென்று தெரியாது. ஒரு வாய் வைத்தார், நிமிர்ந்தார்.

“இன்னைக்கு யாருங்க சமையல்?”

“ஏன் கேக்குறீங்க?”

“நான் வந்து ஒரு மாசம் ஆகுது. நல்லாத்தான் போட்டாங்க, குத்தம் சொல்லக்கூடாது. ஆனா இந்த பத்து நாளாத்தான், வண்டி வார்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே பசிக்குது.”

முதலில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அக்கா. அப்புறம் சிரிப்பு. கருகிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு நாளும் நான் ஒரு மூச்சு முன்னால் இறக்கினேன் அல்லவா, அந்த ஒரு மூச்சில்தான் மொத்தமும் இருந்திருக்கிறது. நானூறு பேர் பதினாலு மாதம் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார்கள். அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீரை நகர்த்தி வைத்து, “காரமா?” என்றார். “ஆமாங்க” என்றேன்.

பிறகு அவரையே கேட்டேன், வாசனை எப்படி இருக்கிறது, சொல்லுங்கள் என்று. மனுஷர் குழம்பிவிட்டார். யோசித்து, “வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சொன்னாப்ல இருக்கு” என்றார். எனக்கு உப்பும் சூடும் மட்டும்தான். ஆனாலும் இன்னொரு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா, அக்கா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடு. ஸ்டோர் அம்மா தாளிக்கிற நேரம் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உன்,
தம்பி